சிம்பான் என்றால் ‘வைத்துக்கொள்’ இல்லை

மகனே,

பெட்டியைக் கொடுக்க மாட்டேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ கடிதத்தை முழுதாகப் படிக்கிறவன் இல்லை. உன் அப்பாவும் அப்படித்தான். தபால் வந்தால் முதல் வரியையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டு, நடுவில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்பார். நடுவில்தானே விஷயம் இருக்கும்? ஆகவே உட்கார்ந்து படி, ஆபீஸில் வைத்துப் படிக்காதே. என் எழுத்து கோணலாக இருக்கும். கோயில் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த நேரத்தில் என் தம்பி பிறந்தான், தூளி ஆட்ட ஆள் வேண்டும் என்று என் அப்பா என்னை நிறுத்திவிட்டார். அவர் எரிந்து சாம்பலாகியும் அதை நான் மறக்கவில்லை. எழுத்து கோணலே தவிர, சொல்ல வந்தது கோணல் இல்லை.

வெள்ளிக்கிழமை மூவாரிலிருந்து பெண்ணின் அம்மாவும் பெரியம்மாவும் வீடு பார்க்க வருகிறார்கள், அத்தை அழைத்து வருவார், அதற்குள் அந்த ஜப்பான்காரியின் பெட்டியைப் படம் பிடிக்கிற கடை மாணிக்கத்திடம் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அது யாருடைய பெட்டி என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுபோகும் என்கிறாய். நிற்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி எழுதினாயே, அந்த வரிதான் என்னை உட்காரவிடாமல் வீட்டுக்கும் கொல்லைக்கும் நடக்கவைக்கிறது. “அவர் உங்களிடம் வைத்துக்கொள்ளச் சொல்லித்தானே கொடுத்தார், அப்படியானால் அது உங்கள் பொருள், நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.” நல்ல வக்கீல் பேச்சு. வைத்துக்கொள் என்பது தமிழ். நீ ஜப்பான்காரி என்கிற அந்த ஓக்கிகுவுக்கு ஏது தமிழ்? அவள் சொன்னது மலாய். ‘சிம்பான்’ என்றாள். நீ இந்த மலாக்காவில் பிறந்து தெருவெல்லாம் மலாய் பேசி வளர்ந்தவன், உனக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டுமா? பத்திரமாக எடுத்து வை என்று அர்த்தம். எடுத்து வைத்தவளுக்கு அது சொந்தமாகிவிடாது. உனக்கே கொடுத்துவிட்டேன் என்று சொல்ல மலாயில் ‘காசி’ என்று வேறு சொல் இருக்கிறது, அவள் அதைச் சொல்லவில்லை. தமிழில்தான் இரண்டுக்கும் ‘வைத்துக்கொள்’ என்று ஒரே சொல்லைப் போட்டுப் பிழைக்கிறோம். உன் அத்தை அந்த ஓட்டைக்குள் நுழைந்துதான் இத்தனை வருஷமாக ஊரெல்லாம் “அண்ணிக்குச் சும்மா கிடைச்சது” என்று சொல்லித் திரிகிறார். நீயும் அதே ஓட்டைக்குள் நுழையப் பார்க்கிறாய்.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. இப்போது காலை நேரம். அவர்கள் மத்தியானம் வருவார்கள். நான் என்ன செய்திருக்கிறேன் தெரியுமா? பெட்டியிலிருந்த அவளுடைய கிமோனோ அங்கிகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன். செங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இலை சிவந்து உதிர்கிறது என்று பால்காரர் சொன்னார். அந்தச் செய்தி வந்தால் நான் பெட்டியைத் திறந்தாக வேண்டும், வருஷா வருஷம் அப்படித்தான். ஈரம் குறைந்த இந்தச் சில நாட்களை விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். பலாமரத்து நிழலில் மூங்கிலைக் கட்டி, இந்தக் கையில் நுழைத்து அந்தக் கையில் வாங்கி, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டிருக்கிறேன். வெயிலில் போட்டால் சாயம் போய்விடும், நிழலும் காற்றும்தான் வேண்டும். பெண் வீட்டார் வருகிறார்கள் என்பதற்காக ஒரு வருஷம் விட்டால் என்ன என்று நீ கேட்பாய். அடுத்த வருஷம் வேறு யாராவது வருவார்கள், அதற்கடுத்த வருஷம் உன் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். இப்படியே விட்டுவிட்டுப் போனால் கடைசியில் பெட்டிக்குள் பூச்சிதான் இருக்கும். எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன், காற்று கொஞ்சம் வேகமாக அடிக்கிறது.

பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் விழவில்லை.

உனக்கு ஓக்கிகுவை நன்றாக நினைவிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் பின்கட்டுக்குத்தான் ஓடுவாய், அவள் கையால் ஏதாவது தின்றுவிட்டுத்தான் என்னிடம் வருவாய். அப்போது அவள் உனக்குப் பின்கட்டு அக்கா. பெரியவனான பிறகு உன் அத்தை எதையோ காதில் ஓதினார், அன்றிலிருந்து அவள் ‘அந்த ஜப்பான்காரி’ ஆகிவிட்டாள். சரி, ஓதாததை நான் சொல்கிறேன். உன் அப்பா மாட்டுவண்டி ஓட்டிய காலத்தில், டவுனில் சப்பான் வீடு என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போவார்களே, அந்த வீட்டு வாசலில் ஒருத்தி கற்பூரமரப் பெட்டியின்மேல் உட்கார்ந்து வண்டியை நிறுத்தச் சொன்னாள். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு, இங்கே இல்லாத எங்கேயாவது என்றாளாம். உன் அப்பா நேரே காஜா பெராங்குக்கு ஓட்டி வந்து நம் வீட்டுக்காரம்மா மாக் லெச்சுமியின் முன்னால் நிறுத்தினார். மலாக்காச் செட்டி வீட்டு அம்மா அவர். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரர்களின் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். “டியா ஓராங் பாயிக்கா?” என்று கேட்டார், நல்லவளா என்று. உன் அப்பா வேறு சான்று ஒன்றும் தேடவில்லை. “என் மாடு அவ கையால புல்லு தின்னுச்சு” என்றார். முன்பின் தெரியாதவர் கையைக் கண்டால் கொம்பை ஆட்டுகிற மாடு அது. மாக் லெச்சுமி பின்கட்டைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் செத்த வீட்டுக்குக்கூட அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. டவுன் துரைசானிகளுக்குத் தைத்துக் கொடுத்தே சாப்பிட்டாள்.

துணியை எப்படிப் பார்ப்பது என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். கிமோனோ என்பது வெட்டித் தைத்த சட்டை இல்லை. ஒடுக்கமான ஒரே நீளத் துணி, அதை நேர்க்கோட்டில் துண்டு போட்டு நேர்க்கோட்டில் தைத்தது, அவ்வளவுதான். கழுத்துக்கென்று வளைத்து வெட்டி எறிவதில்லை, அக்குளுக்கென்று குடைவதில்லை. தையலைப் பிரித்துத் துண்டுகளைச் சேர்த்தால் மறுபடி ஒரே நீளத் துணி. துவைக்கும்போது அப்படிப் பிரித்துப் பலகையில் கஞ்சி போட்டு ஒட்டிக் காயவைத்துத் திரும்பத் தைப்பாள். “ஏண்டி இவ்வளவு பாடு?” என்று நான் கேட்டால் சிரிப்பாள். குட்டையானவளுக்கும் நெட்டையானவளுக்கும் ஒரே அளவுதான், மிச்சத்தை இடுப்பில் மடித்து உள்ளே விட்டுக் கச்சையால் இறுக்கிவிட வேண்டும். நம் சேலை போலத்தான், யாருக்கும் பொருந்தும், உடுத்தத் தெரிந்தவளுக்கு மட்டும் நிற்கும். அவற்றில் ஒன்று வெளியே எலி நிறத்தில் ஒன்றுமில்லாதது போலத் தெரியும், ஓரத்தைப் புரட்டினால் உள்துணி குங்குமமாக எரியும். யாரும் பார்க்காத பக்கத்தில் ஏன் இவ்வளவு சாயம் என்று கேட்டேன். போட்டிருக்கிறவளுக்குத் தெரியுமே என்றாள்.

அவளுக்கு இந்த ஊரோடு ஒரே ஒரு சண்டைதான். அவள் ஊரில் எந்தப் பூ பூக்குமோ, அது பூப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்தப் பூ போட்ட கிமோனோவை உடுத்திவிட வேண்டுமாம். பூ வந்த பிறகு உடுத்தினால் பூவோடு போட்டி போடுவதாகிவிடும், போன பிறகு உடுத்தினால் கேலி. இந்த மலாக்காவில் எந்த மாதம் எது பூக்கும்? எல்லா மாதமும் எல்லாம் பூக்கிறது. “இங்க மரத்துக்கெல்லாம் நாள் தெரியாது” என்று மலாயில் திட்டிக்கொண்டே இருப்பாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். அங்சானா மரம் திடீரென்று ஒரு காலையில் மஞ்சளாகப் பூத்து மறுநாளே தெருவெல்லாம் கொட்டிவிடுமே, அதற்கு முன்னால் மொட்டு கட்டும்போது செர்ரிப்பூ. சுமத்திராக் காற்று கடலைக் கிளப்புகிற நாட்களுக்கு அலை போட்டது. சிவந்த மேப்பிள் இலை போட்டதற்குத்தான் ரொம்ப நாள் வழி தெரியவில்லை. செங் தோட்டத்துக்கு வண்டி ஓட்டிப் போன உன் அப்பா ஒருநாள், ரப்பர் மரமெல்லாம் சிவந்துபோய் நிற்கிறது, இலை விழப்போகிறது என்றார். அவள் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். அந்த வருஷம் அந்த இலைக் கிமோனோவை உடுத்திக்கொண்டு உன் அப்பாவின் வண்டியிலேயே தோட்டத்து ஓரம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பால்மரம் வெட்டுகிற நம் ஆட்கள் கத்தியைப் பிடித்தபடி நின்று பார்த்தார்களாம். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி நீ வெட்கப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நீ பிறந்து உட்காரப் பழகிய சமயம் உனக்குக் காய்ச்சல் வந்து வெட்டி வெட்டி இழுத்தது. மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போனோம். உன் அத்தை வாசலில் நின்றபடியே “பால் சரியில்ல” என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். அந்த வார்த்தை என்னிடம் இன்னும் பத்திரமாக இருக்கிறது, அதுவும் சிம்பான்தான். ஓக்கிகு தன் பெட்டியைத் திறந்து ஒரு சிவப்புக் கிமோனோவை எடுத்தாள். வெள்ளையில் ஆறு முனை நட்சத்திரம் மாதிரி வரிசை வரிசையாகச் சணல் இலை போட்டது. சணல் ஒடியாமல் நேராக, சீக்கிரம் வளரும் என்று அவர்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கோலத்தைத்தான் போடுவார்கள். அதற்கு முழங்காலைத் தாண்டித் தொங்குகிற நீளக் கை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கை நீளமாக இருக்கும், கல்யாணம் ஆனதும் வெட்டிக் குட்டையாக்குவார்கள். அவளுக்கு யாரும் கல்யாணம் செய்துவைக்கவில்லை. அந்தக் கையை அவளே வெட்டினாள். வெட்டி உனக்கு ஒரு சின்னச் சட்டை தைத்தாள். பிள்ளைச் சட்டை ஒரே அகலத் துணி என்பதால் முதுகில் தையல் வராது. தையல் இல்லாத முதுகு வழியாகக் கெட்டது நுழையுமாம். அதனால் முதுகில் வேண்டுமென்றே ஒரு சின்னத் தையல் போட்டுவிட்டாள், நாம் கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிறோமே அது மாதிரி. மாக் லெச்சுமி அதைத் தடவிப் பார்த்து, நம் அம்மனும் அவர்கள் சாமியும் பேசி வைத்துக்கொண்டார்கள்போல என்றார். நீ பிழைத்தது மருந்தினாலா சட்டையினாலா என்று எனக்குத் தெரியாது. எதனால் என்றாலும், அந்தப் பெட்டிக்குள் கை வெட்டப்பட்ட கிமோனோ ஒன்று இருக்கிறது. அதைத்தான் மாணிக்கம் கொண்டுபோய், படம் எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் கூலிக்கு மாட்டிவிட வேண்டும் என்கிறாய்.

ஒரே ஒரு தடவை என்னையும் உடுத்திப் பார் என்றாள். நான் என் பாட்டுக்கு வலது பக்கத்தை மேலே போட்டு மூடினேன். நமக்கு எல்லாமே வலது முதலில்தானே. அவள் வீல் என்று கத்தியதில் உன் அப்பா ஓடிவந்தார். செத்தவர்களுக்குத்தான் அப்படி மூடுவார்களாம். உயிரோடு இருப்பவர்களுக்கு இடது பக்கம் மேலே வந்து ஓரம் வலப்புறம் முடிய வேண்டும். உன் அப்பா என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “அப்படின்னா நம்ம வேட்டிக் கட்டுதான். நீ கட்டினது ராவுத்தர் கட்டு” என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அப்புறம் கச்சையைக் கட்டினாள். ஓபி என்பார்கள், இடுப்பைச் சுற்றி வந்து முதுகில் பெரிய முடிச்சாக நிற்கும். எனக்கு அது பொறுக்கவில்லை. இவ்வளவு அழகான முடிச்சை யாராவது முதுகில் வைப்பார்களா? ஒட்டியாணத்தின் முகப்பை முன்னால்தானே வைக்கிறோம்? அவள் ஊசி எடுக்கத் திரும்பிய நேரத்தில், நான் அதைச் சுற்றி முன்பக்கம் கொண்டுவந்து தொப்புளுக்கு நேரே நிறுத்திக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று நின்றேன். அவள் முகம் போன போக்கை இன்னும் நான் மறக்கவில்லை. முடிச்சைப் பிடித்துத் திரும்பப் பின்னால் தள்ளினாள். தள்ளின பிறகு மெதுவாகச் சொன்னாள், “அந்த வீட்டில் முன்னால். உன் வீட்டில் பின்னால்.” சப்பான் வீட்டுப் பெண்களை முன்னால் கட்டச் சொல்வார்கள், அதைப் பார்த்தே ஆள் இன்னார் என்று தெரிந்துகொள்வார்கள். நம் ஒட்டியாணப் புத்தியால் நான் அவளை மறுபடியும் அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். உன் அத்தை சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, “அண்ணியும் தொழிலுக்குப் போறாங்களா?” என்று கேட்டார். அர்த்தம் தெரிந்து கேட்கவில்லை, பழக்கதோஷத்தில் கேட்டார். இருந்தாலும் அதையும் நான் விடவில்லை.

அவள் போன நாள் உனக்கே தெரியும். அவர்கள் நாட்டு அதிகாரி ஒருவர் ஊரிலிருக்கும் அந்தப் பெண்களையெல்லாம் கப்பலேற்றச் சொல்லி ஆளை அனுப்பினார். இவள் எப்போதோ விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று மாக் லெச்சுமி வாசலை மறித்துக்கொண்டு கத்தினார், யார் கேட்டார்கள்? கையில் ஒரு மூட்டைக்குமேல் கூடாது என்றார்கள். அவள் உள்ளே போய் அம்பு இறகு போட்ட கிமோனோவை உடுத்திக்கொண்டு வந்தாள். அது அவள் அம்மா அவளை ஊரிலிருந்து அனுப்பும்போது உடுத்திவிட்டது. எய்த அம்பு திரும்பாது, போகிற இடத்திலேயே நிலைத்து நில் என்று சொல்லி மணப்பெண்ணுக்குக் கொடுப்பார்களாம். “அது போகிறதுக்கு உடுத்துறதுன்னு நீதானே சொன்ன, இப்ப திரும்பில்ல போற?” என்று கேட்டேன். “வீடு அங்கதான்னு யாரு சொன்னா?” என்றாள். பெட்டியின் மூடியில் கையை வைத்து, “சிம்பான். சாயா பாலிக்” என்றாள். எடுத்து வை, நான் திரும்பி வருவேன். அவ்வளவுதான் பேச்சு.

நேற்று உன் மாணிக்கம் வந்தார். வாசலில் நின்றபடியே, “என்னாம்மா, மகன் எழுதலையா? வண்டி நிக்குது” என்றார்.

“நிக்கட்டும். மாடு களைச்சிருந்தா தண்ணி காட்டுங்க” என்றேன்.

உள்ளே வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அவர் கடையில் இருக்கும் அங்கிகள் கப்பல்காரர்களுக்கு விற்கிற மட்ட ரகம், டிராகன் போட்டது. இது நல்ல சாமான், எல்லாப் பெண்களும் இதைப் போட்டுப் படம் எடுக்க ஆசைப்படுவார்கள் என்றார். நீ அனுப்பிய பெண்ணின் படத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். அந்தப் பெண் கமலம் கோயிலுக்கு மலாக்கா வந்தபோது அவர் கடையில்தான், அவருடைய அங்கியை மாட்டி எடுத்தது. நீ அந்தப் படத்தைப் பார்த்து மயங்கி, ‘நாகரிகமான பெண்’ என்று எழுதினாயே, அதே படம். நன்றாகப் பார்த்தாயா? வலது பக்கம் மேலே. முடிச்சு முன்னால். செத்தவளுக்கு மூடுவது போல் மூடி, சப்பான் வீட்டுப் பெண்ணுக்கு முடிவது போல் முடிந்திருக்கிறார். பாவம், அந்தப் பெண் கழுத்தோரத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எப்போது கழற்றலாம் என்று நிற்கிறது.

“ஏன் முடிச்சை முன்னால போட்டீங்க?”

“பின்னால போட்டா படத்துல எப்படிம்மா தெரியும்? திரும்பி நின்னா பொண்ணு மூஞ்சி தெரியாது.”

“முன்னால போட்டா என்னா அர்த்தம்னு தெரியுமா?”

சிரித்தார். “தெரியும்மா. சப்பான்காரன்கிட்டத்தானே தொழில் கத்துக்கிட்டேன். இந்த ஊர்ல வேற யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்” என்றேன். வண்டி வெறுமையாகத்தான் திரும்பிப் போனது.

வாசலில் ரிக்‌ஷா சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார்கள். பேனாவை வைக்கிறேன்.

போய்விட்டார்கள். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

உன் அத்தைதான் முதலில் உள்ளே வந்தார். கொல்லைப் பக்கம் பார்த்ததும் என் கையைப் பிடித்துக் கிள்ளி, “என்ன அண்ணி இது, கோயில் தேர் மாதிரி தொங்கவிட்டிருக்கீங்க? உங்க மவன் எழுதலையா?” என்று காதுக்குள் சீறினார். அதற்குள் பெண்ணின் அம்மா நேரே கொல்லைக்கே போய்விட்டார். நல்ல மனுஷி, சிரித்த முகம். “அட! நம்ம கமலம் படத்துல போட்டிருக்கிறதுல்ல இது?” என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். பெரியம்மா ஒல்லி, வெற்றிலை மென்றுகொண்டு எதற்கும் தலையசைப்பவர்.

உன் அத்தை குறுக்கே பாய்ந்தார். “ஆமா, எங்க அண்ணன் வாங்கினது! அண்ணிக்குன்னு ஆசை ஆசையா சப்பான் கடையில வாங்கினாரு.” எனக்கு ஒரு ரவிக்கைத்துணி வாங்கித் தராத மனுஷர் உன் அப்பா. ஆனால் நான் பேசவில்லை, மகனே. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். பெட்டியும் இருக்கும், சம்பந்தமும் இருக்கும், ஒரு பொய்தானே, அதுவும் நான் சொன்னதில்லையே என்று நின்றேன். கோப்பி கலக்கக்கூடத் திரும்பிவிட்டேன்.

பெண்ணின் அம்மா ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். கடைசியில் அந்த எலி நிறத்துக் கிமோனோவிடம் நின்றார். ஓக்கிகு தானாக ஒருநாள் தன் ஊருக்குப் போனால் தன் அம்மா முன்னால் உடுத்தி நிற்கவென்று தைத்து வைத்தது, பிடித்துக் கப்பலேற்றிய அன்று அதை எடுத்துப் போகவில்லை. அதன் ஓரமெல்லாம் நீளநீளமாக வெள்ளை நூல் ஓடும். மடிப்பு கலையாமல் இருக்கப் போட்ட ஓட்டுத் தையல் அது. முதல் தடவை உடுத்துகிற அன்றைக்கு, உடுத்துகிறவள்தான் அதை உருவ வேண்டும். நூல் இருந்தால் இன்னும் யாரும் உடுத்தவில்லை என்று அர்த்தம். “பாவம், தையக்காரன் நூலை எடுக்காம விட்டுட்டான். கமலம் வந்து போட்டுக்கிறப்ப உறுத்துமே” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா நூலைப் பிடித்து இழுத்தார். சரசரவென்று வந்தது.

“விடுங்கம்மா நூலை!” என்று நான் போட்ட சத்தத்தில் பலாமரத்துக் காக்கை எழுந்து பறந்தது.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. “இது என்னுது இல்லை. எங்க வீட்டுக்காரர் வாங்கினதும் இல்லை. பின்கட்டுல இருந்த ஓக்கிகுவுது. அவ சப்பான் வீட்டுல இருந்து வந்தவ. எடுத்து வைக்கச் சொல்லிட்டுப் போனா, எடுத்து வச்சிருக்கேன்.”

“சப்பான் வீடுன்னா?” என்றார் பெண்ணின் அம்மா.

“ஏன், உனக்குத் தெரியாதாக்கும்” என்றார் பெரியம்மா. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

உன் அத்தை தலையில் அடித்துக்கொண்டு, “முடிச்சிட்டாங்க, நல்லா முடிச்சிட்டாங்க” என்று கோழிக்கூண்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் அம்மா விரலில் சுற்றியிருந்த நூலைப் பாம்பை உதறுவது போல் உதறினார். அப்புறம், “அப்ப எங்க பொண்ணு படம்?” என்று கேட்டார். கேட்டிருக்காவிட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன். கேட்டுவிட்டார்.

“உங்க பொண்ணு மேல தப்பு இல்லம்மா. கட்டிவிட்டவன் தப்பு. முடிச்சை முன்னால போட்டிருக்கான். அந்த வீட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் அப்படி. அவனுக்குத் தெரியும், தெரிஞ்சே பண்ணியிருக்கான்.”

அந்த அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. “அந்தப் படம் எத்தனை வீட்டுக்குப் போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. “கொடுங்க படத்தை” என்றார். கொடுத்தேன். கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். கோப்பியைத் தொடவில்லை.

வாசல்வரை போனபிறகு பெரியம்மா மட்டும் திரும்பி வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, என் முகத்துக்கு நேரே நின்று, “நெசமாவே அவ திரும்பி வருவான்னு நம்புறீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல. வரமாட்டா.”

“அப்புறம் எதுக்கு வச்சிருக்கீங்க?”

“வரேன்னு சொன்னது அவ பாடு. எடுத்து வைக்கிறது என் பாடு” என்றேன்.

அவர் தலையசைத்தார். அது சரியென்ற தலையசைப்பா, இந்தக் கிழவிக்குப் பைத்தியம் என்ற தலையசைப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ரிக்‌ஷா போய்விட்டது.

ஆகவே சம்பந்தம் நின்றதா நடக்குமா என்று எனக்குத் தெரியாது. உன் அத்தை நின்றுவிட்டது என்று இந்நேரம் தெருக்கோடிவரை சொல்லியிருப்பார். நீ அதை நம்ப வேண்டாம். படத்தைக் கேட்டு வாங்கிப் போனவர், பெண்ணையா கேட்டு வாங்கிப் போனார்? உனக்குக் கமலம் வேண்டுமென்றால் அத்தையை அனுப்பாதே, மூவாருக்கு நீயே போ. “என் அம்மா சொன்னது உண்மை, பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கும், வருஷா வருஷம் வெளியே வரும், யாருடையது என்று கேட்டால் பெயரைச் சொல்லுவோம்” என்று அந்தப் பெண் காதில் விழும்படி சொல். அதற்குமேல் அவர்கள் இஷ்டம். கழுத்தோரத்தை அப்படி இறுக்கிப் பிடித்த பெண்ணுக்குத் தானே ஒன்றை முடிவு செய்யத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தப்பாகவும் இருக்கலாம். கூட வரச் சொன்னால் வருகிறேன், மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆனால் முதலில் இங்கே வா. கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது, இப்போது எழுந்து எல்லாவற்றையும் எப்படியாவது சுருட்டி உள்ளே போட்டுவிடுவேன். பெட்டிக்குள் வைக்க மாட்டேன், கட்டிலில் பரப்பி வைப்பேன். தனியாக மடிக்க என் தோள் இடம் கொடுப்பதில்லை, மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், உன் அத்தை இனி இந்தப் பக்கம் வரமாட்டார். தையல் ஓடுகிற இடத்திலேயே மடிப்பு விழ வேண்டும், நம் இஷ்டத்துக்கு மடித்தால் புதிய வரி விழுந்து அங்கேயே இற்றுவிடும். உருவின நூலையும் ஊசியில் கோத்துப் பழைய துளைகளிலேயே ஓட்ட வேண்டும், எனக்கு இப்போது துளை தெரிவதில்லை. இது கையில் கிடைத்ததும் முதல் ரயிலில் ஏறு. எனக்குப் பிறகு இதை எடுத்து வைக்கப்போகிறவன் நீதான். மடிக்கத் தெரியாதவன் எப்படி எடுத்து வைப்பான்?

அம்மா